அன்னா மணியின் ஆய்வேட்டை வரவழைத்துப் படியுங்கள்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் சிண்டிகேட், செனட், கல்விக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

1945 ஆகஸ்டில் உங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஓர் ஆய்வேடு வந்தது. எழுதியவர் அன்னா மணி. வைரங்கள் எப்படி ஒளிர்கின்றன என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தில், சர் சி.வி. ராமனிடம் இருந்து செய்த வேலை அது. பல்கலைக்கழகம் அவருக்கு பிஎச்.டி. தர மறுத்தது. எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்பது சொன்ன காரணம்.

அந்த ஆய்வேடு தொலைந்துபோகவில்லை. பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தின் நூலகத்தில், பட்டம் பெற்ற மற்றவர்களின் ஆய்வேடுகளோடு அதுவும் பைண்டு செய்யப்பட்டு இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் எதற்குப் பட்டம் கிடைத்தது, எதற்குக் கிடைக்கவில்லை என்று சொல்லவே முடியாது.

நான் கேட்பது இதைத்தான்: அந்த ஆய்வேட்டின் பிரதியை வரவழையுங்கள். தகுதியுள்ள மதிப்பீட்டாளர்களிடம் கொடுங்கள். தேறும் என்று அவர்கள் சொன்னால், 1945இல் கொடுத்திருக்க வேண்டிய பட்டத்தை இப்போது கொடுங்கள்.

நான் இந்தப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவள். வடசென்னையில் ஒரு பெண்கள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். என் சான்றிதழில் இருக்கும் முத்திரைமேல் எனக்கு மரியாதை உண்டு. அந்த முத்திரைக்கு ஒரு பழைய பாக்கி இருப்பது என்னை உறுத்துகிறது.

முதலில், அந்த நிராகரிப்பு எப்படி நடந்தது என்று பார்ப்போம். அன்னா மணி 1918இல் பீர்மேட்டில் பிறந்தவர். சென்னைக்கு வந்து, மாநிலக் கல்லூரியில் இயற்பியலும் வேதியியலும் படித்து, 1939இல் பி.எஸ்ஸி. ஆனர்ஸ் முடித்தார். அந்த ஆனர்ஸ் பட்டத்தைக் கொடுத்ததே நீங்கள்தான். அடுத்த ஆண்டு ஆய்வு உதவித்தொகை கிடைத்து பெங்களூருக்குப் போனார். அந்தக் காலத்தில் இந்திய அறிவியல் கழகத்துக்குச் சொந்தமாகப் பட்டம் தரும் உரிமை கிடையாது. 1958இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனபிறகுதான் அந்த உரிமை வந்தது. அதுவரை ராமனின் மாணவர்கள் ஆய்வேட்டை சென்னைக்குத்தான் அனுப்பினார்கள். அன்னா மணியும் அனுப்பினார். ஐந்து வருடம் ஒரு நோபல் அறிஞரின் கூடத்தில் ஆய்வு செய்து, 1942க்கும் 1945க்கும் நடுவில் தனி ஒருவராக ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்ட பிறகு, நடுவில் ஒரு படி குறைகிறது என்று பதில் வந்தது.

அந்த ஐந்து வருட வேலை என்ன என்பதையும் சொல்ல வேண்டும். பெண் விஞ்ஞானிகளைப் பற்றி எழுதும்போது அவர்கள் பட்ட கஷ்டத்தைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, அவர்கள் செய்த அறிவியலை ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். அதுவும் ஒரு வகையில் மறப்பதுதான்.

புற ஊதா ஒளி பட்டால் சில வைரங்கள் நீலமாக ஒளிரும். சில பச்சையாகவோ மஞ்சளாகவோ ஒளிரும். சில ஒளிரவே ஒளிராது. பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரிக் கற்கள். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? ராமனிடம் சுமார் 300 வைரங்கள் இருந்தன. அன்னா மணி அவற்றில் 30க்கும் மேற்பட்டவற்றை எடுத்து, ஒளிர்தல் நிறமாலை, உட்கவர் நிறமாலை, ராமன் நிறமாலை என்று ஒவ்வொன்றாகப் பதிவு செய்தார். நிறமாலை என்பது ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துக் காட்டும் பதிவு. வெப்பநிலை மாறும்போது நிறமாலை எப்படி மாறுகிறது என்று பார்த்தார். அதற்காகக் கல்லைத் திரவக் காற்றின் குளிர்ச்சிக்குக் கொண்டுபோக வேண்டும். கல்லிலிருந்து வரும் ஒளியோ மிக மங்கலானது. ஒளிப்படத் தகட்டில் அது பதிய 15 முதல் 20 மணி நேரம் ஆகும். இன்றைய மின்னணு உணரிகள் இல்லாத காலம். தகடு பதியும்வரை கூடவே இருந்து, இரவில் ஆய்வுக்கூடத்திலேயே தூங்கியிருக்கிறார்.

நீல ஒளிர்வு காட்டும் வைரங்களில் 4152 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் ஒரு கூர்மையான கோடு உண்டு. ராமனின் கூடத்தில் அதைச் சுற்றி நடந்த நுணுக்கமான வேலையில் அன்னா மணிக்குப் பெரிய பங்கு உண்டு. வைரத்துக்குள் மாட்டிக்கொண்ட நைட்ரஜன் அணுக்கள்தான் அந்தக் கோட்டுக்குக் காரணம் என்பது பிற்காலத்தில் தெரியவந்தது. இன்றும் வைரத்தைச் சோதிக்கும் ஆய்வகங்கள் தேடுகிற அடையாளங்களில் அதுவும் ஒன்று.

அவர் சிறுமியாக இருந்தபோது நடந்த ஒன்றும் இங்கே நினைவுக்கு வருகிறது. எட்டாவது பிறந்தநாளுக்கு வீட்டு வழக்கப்படி வைரக் கம்மல் கொடுத்திருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லி, என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்கா கேட்டு வாங்கிக்கொண்டார். காதில் போட மறுத்த கல்லை இருபது வயதுக்கு மேல் நிறமாலைமானியின் முன்னால் வைத்துக் கேள்வி கேட்டார்.

ராமனின் கூடத்தில் பெண்களுக்கு இடம் கிடைத்ததே லேசில் இல்லை. 1933இல் கமலா பாகவத், பின்னாளில் கமலா சோஹோனி என்று அறியப்பட்ட உயிர்வேதியியலாளர், இந்திய அறிவியல் கழகத்தில் சேர வந்தபோது பெண் என்பதாலேயே ராமன் மறுத்தார். அவர் விடாமல் நின்று, நிபந்தனைகளோடு உள்ளே போனார். அன்னா மணி போனபோது கதவு திறந்திருந்தது. ஆனால் ஆண்களும் பெண்களும் கலந்து பேசுவது ராமனுக்குப் பிடிக்காது. சக மாணவர்களோடு சகஜமாக உட்கார்ந்து விவாதிக்கும் வாய்ப்பு அந்தப் பெண்களுக்குக் குறைவு. ஆய்வில் பாதி, தேநீர் நேரத்துப் பேச்சில்தான் நடக்கிறது என்பதை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அதை இழந்துகொண்டே செய்த வேலை இது.

இப்போது 1913ஆம் ஆண்டுக்கு வருகிறேன். அது உங்கள் பல்கலைக்கழகம் இன்றுவரை பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஆண்டு. பெருமைப்பட முழு உரிமையும் உண்டு.

அந்த ஆண்டின் தொடக்கத்தில் சீனிவாச ராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா. பி.ஏ.வுக்கு முந்தைய படியான எஃப்.ஏ. தேர்வில் தோற்றவர். எம்.ஏ. இருக்கட்டும், பி.ஏ.கூடக் கிடையாது. பிப்ரவரியில் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தார். அவர் கணிதத்தில் பெயர் பெற்றவர். இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்தவர். ராமானுஜனின் கணக்குகளைப் பார்த்துவிட்டு, இவருக்கு உதவித்தொகை கொடுத்து ஆய்வு செய்ய விடுங்கள் என்று பல்கலைக்கழகப் பதிவாளருக்குக் கடிதம் எழுதினார். கேம்பிரிட்ஜிலிருந்து கணிதப் பேரறிஞர் ஹார்டியும் எழுதியிருந்தார். கணிதப் பாடக்குழு கூடிப் பரிந்துரை செய்தது. அந்த உதவித்தொகையோ முதுகலை முடித்தவர்களுக்கானது. ஆனாலும் ஆய்வை வளர்ப்பதும் பல்கலைக்கழகத்தின் கடமைதான் என்ற வாதம் எடுபட்டு, சிண்டிகேட் ஒப்புக்கொண்டது. மாதம் 75 ரூபாய், இரண்டு வருடத்துக்கு. பட்டம் எதுவும் இல்லாத ஒருவர் 1913 மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர் ஆனார். அடுத்த ஆண்டு அவர் இங்கிலாந்து போவதற்கும் பல்கலைக்கழகமே வருடத்துக்கு 250 பவுண்டு கொடுத்தது.

ராமானுஜனுக்குச் செய்தது தவறு என்று யாராவது சொல்வார்களா? அன்று சிண்டிகேட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் விதியைப் படித்தார்கள். விதி எதற்காக எழுதப்பட்டது என்பதையும் யோசித்தார்கள். அதனால்தான் சேப்பாக்கம் வளாகத்தில் இன்று ராமானுஜன் பெயரில் ஒரு கணித உயராய்வு நிறுவனம் இருக்கிறது.

32 வருடம் கழித்து அதே பல்கலைக்கழகத்தின் முன்னால் அதே கேள்வி வந்தது. வேலை இருக்கிறது, தாள் இல்லை, என்ன செய்வது? வந்தவர் எஃப்.ஏ. தேறாதவரும் இல்லை. உங்களிடமே ஆனர்ஸ் வாங்கியவர். பரிந்துரைக்க ஆள் இல்லாதவரும் இல்லை. ராமனே, இதே பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. பட்டதாரி. ஆனால் 1945இல் விதியைப் படித்ததோடு நிறுத்திவிட்டார்கள்.

இது பாலினப் பாகுபாடுதான் என்று நான் நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒருவருக்கு விதி வழிவிட்டது, இன்னொருவருக்கு வழிவிடவில்லை. அதை இப்போது சரிசெய்ய இவ்வளவு போதும். ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். ராமனின் கூடத்தில் அதே காலத்தில் ஆய்வு செய்த சுனந்தா பாய் என்ற பெண்ணும் நிறையக் கட்டுரைகள் எழுதினார், ஆய்வேடும் எழுதினார். அவருக்கும் டாக்டர் பட்டம் கிடைக்கவில்லை. இளம் வயதிலேயே இறந்துபோனார். அன்னா மணியின் கோப்பைத் தேடும்போது சுனந்தா பாயின் கோப்பையும் சேர்த்துத் தேடுங்கள்.

பட்டம் இல்லாமல் அன்னா மணி என்ன ஆனார்? அரசு உதவித்தொகையில் 1945இல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குப் போனார். இயற்பியலில் மேலே படிக்கப் போனவருக்கு வானிலைக் கருவிகள் பற்றிய பயிற்சி இடம்தான் கிடைத்தது. அதையே எடுத்துக்கொண்டார். 1948இல் திரும்பி வந்து, புனேயில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். ஆம், ஒரு காலத்தில் கில்பர்ட் வாக்கர் தலைமை வகித்த அதே துறைதான்.

அன்றைக்கு வெப்பமானி, காற்றழுத்தமானி போன்ற சாதாரணக் கருவிகள்கூட வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தன. அவற்றை இங்கேயே செய்யும் பிரிவு 1953க்குள் அன்னா மணியின் பொறுப்புக்கு வந்துவிட்டது. அவருக்குக் கீழே 121 ஆண்கள் வேலை செய்தார்கள். சுமார் 100 வகைக் கருவிகளுக்கு வரைபடங்களைத் தரப்படுத்தி, உள்நாட்டிலேயே உற்பத்தியைத் தொடங்கிவைத்தார். தப்பாக அளப்பதைவிட அளக்காமலே இருப்பது மேல் என்பது அவருடைய கொள்கை. 1957-58 சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டையொட்டி, நாடு முழுக்கச் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை அமைத்தார். 1960களில் ஓசோனை அளக்கும் பலூன் கருவியை இந்தியாவிலேயே உருவாக்கினார். தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் வந்தபோது, விக்ரம் சாராபாய் கேட்டுக்கொண்டதன்பேரில் அங்கே வானிலைக் கூடம் அமைத்துக் கொடுத்தார். 1976இல் துறையின் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார்.

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் நுங்கம்பாக்கத்தில் எத்தனை சென்டிமீட்டர், மீனம்பாக்கத்தில் எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்காத சென்னை வீடு கிடையாது. பள்ளிக்கூடம் உண்டா இல்லையா என்று என் மாணவிகள் காத்திருப்பதும் அந்த எண்களை வைத்துத்தான். அந்த எண்களை நம்பலாம் என்ற நிலைக்குப் பின்னால் இந்தப் பெண்மணியின் உழைப்பு இருக்கிறது.

ஓய்வுக்குப் பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சுத் தரவுகளை 1980, 1981இல் இரண்டு பெரிய நூல்களாகக் கொண்டுவந்தார். 1983இல் காற்றாற்றல் தரவுகளை வெளியிட்டார். ஆரல்வாய்மொழியிலும் கயத்தாறிலும் இன்று சுழலும் காற்றாலைகளைப் பார்க்கிறோமே, எந்த இடத்தில் எவ்வளவு காற்று வீசுகிறது என்ற அடிப்படை அளவீட்டைப் பொறுமையாகச் சேகரித்தவர்களில் அவர் முன்னோடி. காற்றாற்றலுக்கான தேசிய நிறுவனம் நம் பள்ளிக்கரணையில்தான் இருக்கிறது. அங்கே போய்க் கேளுங்கள், அன்னா மணி யார் என்று அவர்கள் சொல்வார்கள். 2001 ஆகஸ்ட் 16 அன்று திருவனந்தபுரத்தில் காலமானார்.

இந்தக் கோரிக்கைக்கு என்னென்ன மறுப்புகள் வரும் என்று யோசித்துப் பார்த்தேன்.

அவரே கவலைப்படவில்லையே என்பீர்கள். உண்மைதான். பிஎச்.டி. இல்லாததால் தன் வாழ்க்கையில் பெரிய வித்தியாசம் ஒன்றும் வந்துவிடவில்லை என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பெண் என்பதால் தனக்குத் தடை இருந்தது என்று பேசுவதும் அவருக்குப் பிடிக்காது. அது அவருடைய பெருந்தன்மை. கொடுத்தவர் திருப்பிக் கேட்கவில்லை என்பதால் வாங்கியவரின் கடன் தீர்ந்துவிடாது.

எம்.எஸ்ஸி. இல்லாமல் பிஎச்.டி. கொடுப்பது இன்றைய விதிக்கு ஒத்துவருமா என்பீர்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் கொண்டுவந்த பிஎச்.டி. விதிமுறைகளைப் பாருங்கள். நான்கு ஆண்டு இளநிலைப் பட்டத்தில் 75 சதவீத மதிப்பெண் இருந்தால் முதுகலை இல்லாமலே ஆய்வில் சேரலாம். அன்னா மணியைத் தடுத்த அந்தச் சுவரை நாடே இடித்துவிட்டது.

இறந்தவருக்குப் பட்டம் கொடுக்கும் வழக்கம் இல்லை என்றும் சொல்லலாம். கல்கத்தா பல்கலைக்கழகம் கொடுத்திருக்கிறது. விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டதால் பீனா தாஸ், பிரீதிலதா வத்தேதார் இருவரின் பட்டங்களையும் பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் நிறுத்திவைத்தார்கள். 80 வருடம் கழித்து, 2012இல், இருவரும் மறைந்த பிறகு அந்தச் சான்றிதழ்களைப் பல்கலைக்கழகம் வழங்கியது. எடின்பரோவில் 1869இல் மருத்துவம் படிக்கச் சேர்ந்து, பட்டம் மறுக்கப்பட்ட ஏழு பெண்களுக்கு 2019இல் கௌரவப் பட்டம் கொடுத்தார்கள். ஹாம்பர்கில் நடந்தது இன்னும் நெருக்கமான உதாரணம். இங்கேபோர்க் ராப்போபோர்ட் என்ற மருத்துவரின் தாய் யூதர். அதனால் 1938இல் நாஜி அரசு அவரை வாய்மொழித் தேர்வில் கலந்துகொள்ளவிடாமல் தடுத்தது. 2015இல் பேராசிரியர்கள் அவரிடம் முறைப்படி தேர்வு நடத்திப் பட்டம் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 102. இரக்கப்பட்டுக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. கேள்வி கேட்டார்கள், அவர் பதில் சொன்னார், தேறினார்.

எனக்கும் அதுதான் வேண்டும். அன்னா மணிக்கு கௌரவ டாக்டர் பட்டம் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கௌரவப் பட்டம் புகழுக்காகக் கொடுப்பது. அவர் கேட்டது அதை அல்ல. 1945இல் ஓர் ஆய்வேட்டைக் கொடுத்து, அதை மதிப்பிடச் சொன்னார். இப்போது மதிப்பிடுங்கள். நிறமாலையியல் தெரிந்த ஒருவர், இந்திய அறிவியல் வரலாறு தெரிந்த ஒருவர், வெளிநாட்டிலிருந்து வைர இயற்பியலில் ஒருவர் என்று மூன்று பேர் போதும். 1945இல் என்ன தெரிந்திருந்ததோ அதை வைத்து அவர்கள் படிக்கட்டும். அறிக்கையை அப்படியே வெளியிடுங்கள். என்ன வரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஐந்து வருட நிறமாலைத் தகடுகள் எந்தத் தேர்வையும் தாங்கும்.

பல்கலைக்கழகத்தின் நிதி நெருக்கடி பற்றிச் செய்தித்தாள்களில் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். இதற்கு ஆகும் செலவு மதிப்பீட்டாளர்களின் கட்டணமும் பிரதி எடுக்கும் செலவும்தான்.

அன்னா மணியோடு நிற்காமல் இன்னும் சிலரைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அவர்களும் உங்கள் பட்டியலில் இருப்பவர்கள்.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மதுரவாயலைத் தாண்டிப் போகும் லட்சக்கணக்கானவர்களுக்கு, அங்கே இருந்த உங்கள் தாவரவியல் கள ஆய்வகத்தில் 1970 முதல் 1984இல் இறக்கும்வரை இ.கே. ஜானகி அம்மாள் வாழ்ந்தார் என்பது தெரியாது. தலச்சேரியில் 1897இல் பிறந்தவர். ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தார். கிறிஸ்தவ மகளிர் கல்லூரியில் பாடம் நடத்தினார். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்து, கரும்பை அதன் உறவுக்காரப் புற்களோடும் மக்காச்சோளத்தோடும் கலப்புச் செய்து, குரோமோசோம்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று ஆராய்ந்தார். சாதியும் பாலினமும் சேர்ந்து அவருக்கு அங்கே இருந்த சூழ்நிலையைக் கசப்பாக்கின. இங்கிலாந்துக்குப் போய், 1945இல் தாவர மரபியல் அறிஞர் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்டவணையைத் தொகுத்தார். உலகத் தாவரவியலாளர்கள் பல ஆண்டுகள் கையில் வைத்திருந்த நூல் அது. இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்க நேரு அழைத்து, 1950களில் திரும்பி வந்தார். எண்பது வயதைத் தொட்டபோதும் சைலன்ட் வேலி காட்டைக் காப்பாற்றக் குரல் கொடுத்தார். இங்கிலாந்தில் விஸ்லி தோட்டத்தில் அவர் பெயரில் ஒரு மக்னோலியா பூக்கிறது. மதுரவாயலிலும் சாலையிலிருந்து பார்த்தாலே தெரியும்படி அவர் பெயரை எழுதி வையுங்கள்.

அப்புறம் ஏ. லலிதா. கிண்டி பொறியியல் கல்லூரி இன்று அண்ணா பல்கலைக்கழகத்தோடு இருக்கிறது, ஆனால் 1943இல் அவர் வாங்கிய மின்பொறியியல் பட்டம் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம். 15 வயதில் கல்யாணம். 18 வயதில் கையில் நாலு மாதக் குழந்தையோடு விதவை. அவருடைய அப்பா அதே கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். முதல்வர் கே.சி. சாக்கோவிடம் அனுமதி வாங்கி மகளைச் சேர்த்தார். தனியாக ஒரே பெண்ணாக இருக்கக் கூடாது என்று கல்லூரி விளம்பரம் கொடுத்ததில், பி.கே. திரேசியாவும் லீலாம்மா ஜார்ஜும் சிவில் பிரிவில் சேர்ந்தார்கள். லலிதாவின் சான்றிதழில் ஆண்பால் சொல்லே அச்சாகியிருந்தது. அதை அடித்துவிட்டு, பேனாவால் பெண்பாலில் திருத்திக் கொடுத்தார்கள். பிற்பாடு கல்கத்தாவில் ஒரு மின்கருவி நிறுவனத்தில் வேலை பார்த்து, பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கிகளுக்கான பணிகளில் ஈடுபட்டார். 1964இல் நியூயார்க்கில் நடந்த முதல் சர்வதேசப் பெண் பொறியாளர், விஞ்ஞானிகள் மாநாட்டில் கலந்துகொண்டார். திரேசியா 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். இந்த மூவரின் பட்டப் பதிவுகளும் உங்கள் ஆவணக் காப்பறையில் இருந்தாக வேண்டும். அவற்றை எடுத்துக் கண்ணாடிப் பேழையில் வைத்தால், செனட் மாளிகைக்கு வரும் ஒவ்வொரு மாணவியும் நின்று பார்ப்பாள்.

கணிதத்திலும் ஆட்கள் உண்டு. டி.ஏ. சரஸ்வதி அம்மா 1950களின் இறுதியில் உங்கள் சமஸ்கிருதத் துறையில் வி. ராகவனிடம் ஆய்வு செய்தவர். இந்தியர்களுக்கு எண்கணிதம் வரும், வடிவியல் வராது என்று பல வரலாற்றாசிரியர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். வேள்வி மேடை அமைக்கும் அளவுகளைச் சொல்லும் பழைய சுல்ப சூத்திரங்களிலிருந்து கேரளக் கணித மரபுவரை மூல நூல்களைப் படித்து, அந்தக் கருத்து தவறு என்று 1979இல் வெளியான தன் நூலில் காட்டினார். சென்னையில் பிறந்த பாமா சீனிவாசன் இங்கே எம்.எஸ்ஸி. முடித்து, மான்செஸ்டரில் டாக்டர் பட்டம் பெற்று, 1966 முதல் 1970வரை உங்கள் ராமானுஜன் நிறுவனத்தில் பாடம் நடத்தினார். பிறகு அமெரிக்காவில் கணிதத் துறைப் பெண்கள் சங்கத்தின் தலைவராக இருந்தார். ஸ்டெல்லா மாரிஸில் படித்த ஆர். பரிமளா, 2010இல் ஐதராபாத்தில் நடந்த உலகக் கணித மாநாட்டில் முழு அவை உரை ஆற்றினார். உங்கள் கோட்பாட்டு இயற்பியல் துறையில் 1974இல் சேர்ந்த பி. விஜயலட்சுமி, புற்றுநோயோடு போராடிக்கொண்டே 1982இல் பிஎச்.டி. முடித்து, 1985இல் இளம் வயதிலேயே மறைந்தார். சாகும்வரை அவர் செய்தது இயற்பியல்.

ஒவ்வொருவருக்கும் சிலை வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. உங்கள் இணையதளத்தில் புகழ்பெற்ற பழைய மாணவர்கள் பகுதியில் இவர்களின் வேலையைத் தமிழில் விவரமாக எழுதினாலே, எங்கள் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுத நம்பகமான ஓர் இடம் கிடைக்கும். துறைவாரியாக முதுகலை மாணவிகளிடம் இந்த வேலையைக் கொடுக்கலாம். ஆவணங்களைத் தேடுவதும் ஒரு பயிற்சிதான்.

ஆனால் முதல் வேலை அன்னா மணி. சிண்டிகேட்டின் அடுத்த கூட்டத்திலேயே மூன்று தீர்மானங்களை எடுத்துக்கொள்ளலாம். ராமன் ஆய்வு நிறுவனத்திடம் ஆய்வேட்டின் பிரதி கேட்டுக் கடிதம் எழுதுவது. 1945-46ஆம் ஆண்டுகளின் சிண்டிகேட் நடவடிக்கைக் குறிப்புகளில் இந்த விண்ணப்பம் பற்றி இருக்கும் பக்கங்களைப் பொதுமக்களுக்குத் திறப்பது. மதிப்பீட்டுக் குழுவை அமைப்பது. இந்த மாதிரி நேர்வுக்கு விதி இல்லையென்றால் விதியை எழுதும் அதிகாரமும் உங்களிடம்தான் இருக்கிறது. 1913இல் இருந்தவர்கள் வருடக்கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பிப்ரவரியில் வாக்கரின் கடிதம், மே மாதம் ராமானுஜன் கையில் உதவித்தொகை.

பட்டமளிப்பு விழாவில் அவர் பெயரைப் படிக்கும்போது சான்றிதழை வாங்க மேடைக்கு யார் வருவது என்று கேட்பீர்கள். அவருடைய குடும்பத்தார் வந்தால் அதுவே சிறப்பு. இல்லையென்றால் நுங்கம்பாக்கம் வானிலை மையத்தில் பணிபுரியும் ஒரு பெண் விஞ்ஞானியை அழையுங்கள். சான்றிதழின் பிரதி ஒன்றை மாநிலக் கல்லூரி இயற்பியல் துறைக்கும், இன்னொன்றை பெங்களூரில் அந்த ஆய்வேடு இருக்கும் நூலகத்துக்கும் அனுப்புங்கள்.

இந்த மடலை அச்சிட்டுப் பதிவாளர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். ஆவணங்களைத் தேடவோ, படியெடுக்கவோ, தமிழில் எழுதவோ ஆள் தேவைப்பட்டால், என்னிடம் படித்த மாணவிகள் சிலரும் நானும் சேப்பாக்கத்துக்கு வரத் தயார்.

அன்புடனும் மதிப்புடனும்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
சென்னைப் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவி,
பெரம்பூர், சென்னை